அமிர்தியில் கேட்ட கேள்வி

கோடை விடுமுறையில் மறைக்கல்விப் பிள்ளைகளோடு அமிர்தி விலங்கியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். வழியோர மரத்தடியில் ஒரு தாய்க்குரங்கு குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பையன்கள் சிலர் கல்லெறிந்தார்கள். ஒரு சிறுமியோ அதன் நகங்களையே பார்த்தாள். நம்முடையவை போலவே தட்டையானவை. “ஃபாதர், நாம இதுலேருந்துதான் வந்தோமா?” என்றாள். அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று அதட்டிவிட்டோம். வீடு திரும்பும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

தவறு நம்முடையது.

அமிர்திக் குரங்கு வாலுள்ள தூரத்து உறவு. வாலில்லாத சிம்பன்சி இன்னும் நெருக்கம். அதிலிருந்து நாம் வரவில்லை. இருவருக்கும் முன்னோர் ஒன்று என்கிறது அறிவியல். 2005-இல் இரு மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டபோது, ஒத்துப்பார்க்கக்கூடிய பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குக் குரோமோசோம் 24 ஜோடி, நமக்கு 23. நமது இரண்டாவது குரோமோசோமின் உள்ளே இரண்டு முனைகள் இணைந்த தடம் இருக்கிறது. ஆம்பூரில் ஷூ தைக்கும் நம் சகோதரிகள் தையலைப் பார்த்ததும் இது இரண்டு துண்டுத் தோல் என்பார்களே, அதுபோல.

திருச்சபை இதற்கு அஞ்சவில்லை. 1950-இலேயே திருத்தந்தை 12-ம் பயஸ் மனித உடலின் தோற்றத்தை ஆராய இடம் கொடுத்தார்; ஆன்மாவையோ கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றார். 1996-இல் புனித 2-ம் யோவான் பவுல், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோளைவிட மேலானது என்றார். தொடக்க நூல் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள்: மனிதன் உருவானதும் மண்ணிலிருந்து, விலங்குகள் உருவானதும் மண்ணிலிருந்து.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டு, இதையெல்லாம் சொன்னோம். “அப்போ அந்தக் குட்டியையும் கடவுள்தான் செஞ்சாரா?” என்றாள். ஆமாம் என்றோம். நேராகக் கல்லெறிந்த பையன்களிடம் போனாள்.