உருவமும் உள்ளமும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



பல சமயத்தார் கூடிவாழும் குடியிருப்பு நம்முடையது. "சிலர் உருவத்தை வணங்குகின்றனர், சிலர் மறுக்கின்றனர், ஏன்?" என்று நம் பிள்ளைகள் வினவுகின்றனர். நாம் கூறும் விடை அன்பையும் வளர்க்கும், இகழ்ச்சியையும் வளர்க்கும்.

யூதர்தம் பத்துக் கட்டளைகள் செதுக்கிய உருவத்தை வணங்குதலை விலக்கின. 630ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் அவர்கள் மக்காவில் கஅபாவிலிருந்த சிலைகளை அகற்றினார்கள். கிறித்தவ உலகிலோ இவ்வழக்கு நெடிது நடந்தது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களைத் தடுத்தார். இறைவன் மனிதனாய் வந்தமையின் அவ்வுருவை எழுதுதல் தகும் என்றார் தமாஸ்கஸ் நகர யோவான். 787இல் நைசியாவில் கூடிய சங்கம், திருவுருவங்களுக்கு மதிப்புச் செலுத்தலாம், வழிபாடு இறைவன் ஒருவனுக்கே உரியது என வரையறுத்தது.

எனினும், கல்லை விலக்கினாற் போதும் என்று இம்மூன்று சமயங்களும் கருதவில்லை. பேராசையும் சிலைவணக்கமே என்றார் தூய பவுல். தன் இச்சையைத் தெய்வமாக்கிக் கொண்டவனைத் திருக்குர்ஆன் கடிகின்றது. இறைவனுக்கு உடலுண்டு என எண்ணுதல் சிலைவணக்கத்தினும் தீது என்றார் யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204).

ஆகவே, அவர்கள் அஞ்சியது சிற்பியின் உளியை மட்டுமன்று. இறைவனுக்குரிய இடத்தில் பிறிதொன்றை அமர்த்தும் உள்ளத்தையும் ஆகும். பொன்னும் பதவியும் அவ்விடத்தில் அமர்தல் எச்சமயத்தார் இல்லத்திலும் நிகழக்கூடியதே. இதனை நம் பிள்ளைகட்கு முதலில் உணர்த்துவோமாக. அடுத்த வீட்டாரின் வழிபாட்டை எடைபோடும் எண்ணம் தானே அகலும்.