பேரைச் சொல்லாத 28 லட்சம் பேர்

வெள்ளானூர்ல எங்க தெருவுல நடந்த ஒரு சின்ன விஷயத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு வீடு வீடா படிவம் கொடுத்தாங்க இல்லையா? பழைய பட்டியல்ல உங்க பேரு எங்க இருந்துச்சுன்னு அதுல எழுதணும். பக்கத்து வீட்டு அக்கா அதைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. கல்யாணமாகி இங்க வந்ததே 2006-ல. செய்யாறு பக்கம் அவங்க பொறந்த ஊர்ப் பட்டியல்ல தேடிக் கண்டுபிடிச்சோம். அங்கே அப்பா பேரோட இருக்காங்க. இங்கே வீட்டுக்காரர் பேரோட. இனிஷியலும் வேற. “ரெண்டும் நான்தான்னு எப்படிப்பா காட்டுறது?”ன்னு கேட்டாங்க.

இந்தச் சிக்கல் நம்ம ஓட்டுரிமை அளவுக்கே பழசு. 1919 சட்டம் பெண்களுக்கு ஓட்டு கொடுக்கல. மாகாண சபைகள் விரும்பினா தீர்மானம் போட்டுக்கலாம்னு விட்டுடுச்சு. சென்னை மாகாணம் 1921-லேயே போட்டுச்சு, நாமதான் முதல். ஆனா சொத்து இருந்தாத்தான் ஓட்டு. அன்னைக்கு எத்தனை பொம்பளைங்க பேர்ல பட்டா இருந்திருக்கும்? 1935 சட்டம் கொஞ்சம் தளர்த்துச்சு. எப்படின்னா, சொத்துள்ளவரோட மனைவிக்கும் ஓட்டு. புருஷன் வழியா வந்த உரிமை.

1950 அரசியலமைப்பு, 326-ஆவது பிரிவு, அதைத் துடைச்சுப் போட்டுச்சு. 21 வயசு ஆச்சா, ஓட்டு உண்டு. அவ்வளவுதான்.

ஆனா 1951-52 முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனா, வட மாநிலங்கள்ல நிறைய பெண்கள் தங்களோட பேரைச் சொல்லல. இன்னாரோட மனைவி, இன்னாரோட அம்மான்னுதான் சொன்னாங்க. அப்படியெல்லாம் எழுத முடியாதுன்னு தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியா நின்னார். கிட்டத்தட்ட 28 லட்சம் பேர் பட்டியல்லேர்ந்து போயிட்டாங்க. கொடுமைதான். ஆனாலும் அவர் செஞ்சது சரின்னுதான் நான் நினைக்கிறேன். அன்னைக்கு விட்டுக்கொடுத்திருந்தா 1935-க்கே திரும்பியிருப்போம்.

பேரு வந்துச்சு, நாற்காலி? 73-ஆவது திருத்தம் 1993-ல நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகள்ல மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு ஆச்சு. தமிழ்நாடு 2016-ல அதைப் பாதியாக்குச்சு. 2019 டிசம்பர் தேர்தல்லதான் அது நடைமுறைக்கு வந்துச்சு.

ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், எந்த ஊர்னு வேண்டாம். தலைவர் அம்மா ஓரமா உட்கார்ந்திருக்க, மைக் முழுக்க வீட்டுக்காரர் கையில. தெருவிளக்கு பத்தி ஒரு பாட்டி கேட்டப்போ அவருக்குக் கம்பம் எங்கேன்னே தெரியல. அந்தம்மாதான் உட்கார்ந்த இடத்துலேர்ந்து சொன்னாங்க. இதைக் காட்டி இட ஒதுக்கீடே வீண்னு பேசறவங்க, அந்தப் பதிலைக் கேட்டிருக்க மாட்டாங்க.

2025 ஜனவரி 5-ஓட நம்ம மாவட்டத்துலயும் அந்தப் பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போச்சு. சட்டமன்றம், நாடாளுமன்றத்துல மூணுல ஒரு பங்குன்னு 2023-ல போட்ட 106-ஆவது திருத்தமோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை எல்லாம் முடியட்டும்னு எழுதப்பட்டிருந்துச்சு.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். அப்பா பேரிருந்த அந்தப் பழைய வரியையே எழுதிக் கொடுத்தோம். வரைவுப் பட்டியல்ல பேரு வந்துடுச்சு. வீட்டுக்காரர் பேர்லதான் ஒரு எழுத்து தப்பு. “அதை அவரே போய் மாத்திக்கட்டும்”னுட்டாங்க.