பாறைக்கடியில் இருக்கும் நீருக்குப் படம் வேண்டும்

(பட்டிப்பொலவில் தோட்டத் தொழிலாளர், மரக்கறி விவசாயிகள் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரை)



இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் நிற்பது இந்தப் பட்டிப்பொல நிலையம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,890 மீட்டர். அருகே கிடக்கும் ஹோட்டன் சமவெளியிலிருந்து மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் இறங்குகிறது. மூன்று பெரு நதிகளின் தலைமாட்டில் வாழ்கின்றோம் நாம். ஆயினும் தை கழிந்து மாசியும் பங்குனியும் வந்தால் லயத்துப் பீலியில் நீர் நூலாய் மெலிகிறது. கொழுந்து பறித்துக் களைத்து வந்த பெண், குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் இட்டவன் வானத்தைப் பார்க்கிறான். நதியைப் பெற்ற மலைக்கு ஏன் இந்தத் தாகம்?

விடை நம் காலடியில் இருக்கிறது. இலங்கை நிலப்பரப்பில் நூற்றுக்கு 90 பங்களவு மிகப் பழைய பளிங்குருப் பாறையாலானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் துளையும் குகையுமாக நீரைத் தேக்கிக்கொள்ளும். நம் மலைப்பாறைக்கு அந்த இயல்பு இல்லை. சிதையாத பாறையின் உடலில் நீர் தங்க இடமில்லை. நீர் தங்குவது இரண்டே இடங்களில். ஒன்று, பாறை காலங்காலமாக உக்கி மண்ணாகிக் கிடக்கும் மேற்படை. மற்றொன்று, அதன் கீழே பாறையைப் பிளந்தோடும் வெடிப்புகள். மேற்படை களஞ்சியம், வெடிப்பு வாய்க்கால். இரண்டும் சேரும் இடத்தில் கிணறு ஊறும். சேராத இடத்தில் எத்தனை ஆழம் துளைத்தாலும் தூசியே எழும்.

ஆகவே, பக்கத்துத் தோட்டத்தில் நீர் கிடைத்தது, நமக்கும் கிடைக்கும் என்று கடன்பட்டுத் துளையிடுவது சூதாட்டம். கவைக்குச்சியையும் தேங்காயையும் நம்பிப் பணத்தை மண்ணில் புதைப்பதும் அத்தகையதே. நிலத்தடி நீர்வளப் படம் என்ற ஒன்று இதற்காகவே வேண்டும்.

அது எவ்வாறு ஆக்கப்படுகிறது? விண்ணிலிருந்து எடுத்த படங்களில் நேர்கோடாக ஓடும் பள்ளத்தாக்குகளையும் ஓடைகளையும் குறிக்கின்றனர். அவற்றுள் பல வெடிப்புகளின் மேல்தடம். பாறை வகையைப் பார்க்கின்றனர்: படிகக்கற்பாறை நொறுங்கி வெடிப்பது, சார்னோக்கைட்டுப் பாறையோ பெரும்பாலும் கட்டியாய் நிற்பது. சரிவு, மண், மழை, ஓடைகளின் நெருக்கம், நிலப்பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீர்வளம் மிகுந்த இடம், நடுத்தரம், குறைந்தது எனப் பிரிக்கின்றனர். பின்னர் நிலத்தில் மின்னோட்டம் செலுத்தி மின்தடையை அளக்கின்றனர். நீர் ஊறிய உக்கற்படையில் தடை குறையும். வெறும் பாறையில் மிகும். இறுதியில், உண்மையான கிணறுகளின் ஊற்றோடு படத்தை ஒப்பிடுகின்றனர். இக்கடைசிப் படி இல்லாத படம் வெறும் வண்ணக் காகிதமே! படம் வாக்குறுதியும் அன்று. எங்கே வாய்ப்பு மிகுதி என்று காட்டும் கைகாட்டி அது. இந்தியா 2012 முதல் நாடளாவிய முறையில் இவ்வேலையை மேற்கொண்டது. இங்கே நீர்வள சபையை அமைக்கும் சட்டம் 1964 இலேயே நிறைவேறிற்று.

பாறைக்குள் இருக்கும் நீரை மதியாவிட்டால் என்ன நேரும்? தொலைவில் தேட வேண்டியதில்லை, பண்டாரவளையைப் பாருங்கள். உமா ஓயாவின் நீரைத் தெற்கே கொண்டுசெல்ல மலையைக் குடைந்தபோது, 2014 இறுதியிலும் மீண்டும் 2017 இலும் சுரங்கத்திற்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் பண்டாரவளை வீதியில் மக்கள் திரண்டனர். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரம் நாட்டிற்கு வேண்டியதே. அதை மறுப்போர் யார்? ஆனால் ஒரு வெடிப்பில் விழுந்த துளை, மைல்கணக்கில் அப்பாலுள்ள கிணற்றை வற்றடிக்கக்கூடும் என்ற பாடத்தை ஏழையின் கிணற்றைக் கொண்டா கற்பது?

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நீரைச் சேமிக்கிறோம் என்று கண்ட சரிவிலெல்லாம் குழி வெட்டக்கூடாது. செங்குத்துச் சரிவின் மண்ணில் நீர் மிகுந்தால் மலையே இறங்கும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களின் மேல் மண் விழுந்ததை நாம் மறக்கவில்லை. எனவே நீர்வளப் படத்தையும் மண்சரிவு அபாயப் படத்தையும் அருகருகே விரித்துப் பார்த்த பின்னரே மண்வெட்டியை எடுக்க வேண்டும். நீரை உட்செலுத்த ஏற்றவை சமநிலமும் புற்றரையுமே. ஊற்றுக்கு மேலுள்ள மரத்தை வெட்டாதிருப்பதும், அங்கே உரத்தையும் மருந்தையும் கொட்டாதிருப்பதும் செலவில்லாத காவல்.

பெருமக்களே! இதில் அரசியல் எங்கே என்று சிலர் கேட்கலாம். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் நாம். 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்து லயங்களுக்குச் சபைகளின் சேவை செல்லத் தடையாய் நின்றது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. வழி திறந்துவிட்டது. ஆனால் எந்த ஊற்றிலிருந்து, எந்தக் குழாயில், எத்தனை குடும்பங்களுக்கு என்ற கணக்கு கையில் இல்லாதவன் சபையின் முன் வெறுங்கையோடு நிற்கிறான். நீரின் படத்தை வைத்திருப்பவனே நீரைப் பங்கிடுகிறான்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு தோட்டத்தின் ஊற்றும் கிணறும் மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்து பதியப்படட்டும். படம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகிப் பிரதேச சபையில் எல்லோரும் காண வைக்கப்படட்டும். சுரங்கமோ ஆழ்துளையோ தொடங்குமுன் சுற்றுப்புறக் கிணறுகளின் நிலை எழுத்தில் வெளியிடப்படட்டும். ஊற்றுகளின் மேற்பகுதி காக்கப்படட்டும்.

முதல் வேலையை நாமே தொடங்கலாம். ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு கொப்பி போதும். வாளி நிறைய எத்தனை விநாடி என்று வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை இது. ஓராண்டுக் கணக்கு சேர்ந்தால் அதை எந்த அதிகாரியும் தள்ளிவிட முடியாது. அடுத்த கோடைக்கு முன் ஒவ்வொரு லயத்திலும் அந்தக் கொப்பி திறக்கப்படட்டும்!