தண்ணி எல்லாருக்கும் பொதுவா வந்துச்சு, படகு ஏன் பொதுவா வரல?

(சங்கத்தின் கிராமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புயல் அடிச்சாலும் வெள்ளம் வந்தாலும் மேலே இருப்பவர்கள் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க: "இது இயற்கைச் சீற்றம், யாரைக் குறை சொல்றது?" காற்றையும் மழையையும் யாரும் பிடிச்சு நிறுத்த முடியாது, ஒத்துக்கிறோம். ஆனால் கரையைப் பலமாகக் கட்டாதது யார்? படகை எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்பினது யார்? நிவாரணப் பட்டியலில் யார் பேரை விட்டது? இதையெல்லாம் இயற்கையா செய்தது? மனுசன்தானே செய்தான்!

உலகத்திலேயே பணக்கார நாடு அமெரிக்கா என்கிறோம். அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா என்ற புயல் லூசியானா மாநிலத்தில் கரையேறியது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரத்தில் 80 விழுக்காடு தண்ணிக்குள் போனது. அந்த ஊரில் மூன்றில் இரண்டு பேர் கறுப்பின மக்கள். "ஊரைக் காலி பண்ணுங்க" என்று முந்தின நாள் உத்தரவு போட்டார்கள். கார் வைத்திருந்தவன் போய்விட்டான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கார் கிடையாது. அதுவும் மாசக் கடைசி. கையில் காசில்லாதவன் எதில் ஏறிப் போவான்? ஏற்றிக்கொண்டு போக வேண்டிய பஸ்கள் நிறுத்தின இடத்திலேயே தண்ணியில் மூழ்கிக் கிடந்தன.

மாநாட்டு மண்டபத்தில் ஆயிரக்கணக்கான ஜனம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. டிவியில் உலகமே பார்த்தது. மத்திய பேரிடர் நிர்வாகத்தின் தலைவர் மைக்கேல் பிரவுன் செப்டம்பர் 1ஆம் தேதி, அந்த ஜனம் அங்கே இருப்பதே அன்றைக்குத்தான் தனக்குத் தெரியும் என்றார்! அதே நாளில், பாலத்தைத் தாண்டி பக்கத்து ஊருக்கு நடந்து போன மக்களைப் போலீஸ் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பியது. செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதம் இல்லாத ஆறு பேரைப் போலீஸ் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். கடையில் இருந்து சாப்பாட்டுப் பொருள் எடுத்து வந்த கறுப்பு இளைஞனின் படத்துக்குக் கீழே "கொள்ளை" என்று போட்டார்கள். அதே மாதிரி எடுத்து வந்த வெள்ளையர்களின் படத்துக்குக் கீழே "கண்டெடுத்தார்கள்" என்று போட்டார்கள்.

புயலில் செத்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்று முதலில் சொன்னார்கள். 2023இல் திருத்திய கணக்கு 1,392. வெள்ளைக்காரர்களும் நிறையப் பேர் செத்தார்கள். முதியவர்கள்தான் அதிகம். அதை மறைக்க மாட்டோம். நிறமும் ஏழ்மையும் வயதும் சேர்ந்த இடத்தில்தான் அடி பலமாக விழுந்தது.

அப்புறம் பழி போடும் படலம். பிரவுன் பதவி விலகினார். விலகி, மாநில கவர்னரையும் நகர மேயரையும் கை காட்டினார். அவர்கள் மத்திய அரசைக் கை காட்டினார்கள். எல்லாரும் சேர்ந்து, "போகச் சொன்னோமே, ஏன் போகல?" என்று ஜனத்தைக் கை காட்டினார்கள். கடைசியில் 2006இல், அந்தக் கரைகளைக் கட்டின ராணுவப் பொறியியல் துறையே தன் வடிவமைப்பில் தப்பு இருந்ததை ஒத்துக்கொண்டது. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மேயர் ரே நாகின் கறுப்பினத்தவர்தான். நம்ம ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, தோழர்களே. கேள்வி கேட்கும் ஜனம் கீழே இருக்க வேண்டும்.

வீடு கட்ட நிவாரணம் கொடுத்தார்களே, அதில் இன்னொரு சூது. கட்ட ஆகும் செலவு, புயலுக்கு முந்தின வீட்டு மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கறுப்பு மக்கள் தெருவில் வீட்டு மதிப்பு குறைவு. செங்கல், சிமெண்ட், கூலி எல்லாத் தெருவுக்கும் ஒன்றுதான். ஆக, ஒரே மாதிரி வீட்டுக்கு அவர்களுக்குப் பணம் குறைவு. 2008இல் வழக்குப் போட்டு, போராடி, 2011இல்தான் சமரசம் வந்தது.

இது புதுசும் இல்லை. 1927 ஏப்ரலில் மிசிசிப்பி ஆறு உடைத்துக்கொண்டது. கிரீன்வில் ஊரில் சுமார் 13,000 கறுப்பு மக்கள் ஆற்றுக் கரை மேல் ஒண்டினார்கள். வாரத்துக்குப் பயிர் வைக்கிற, நம்மைப் போன்ற ஜனம். கப்பல்கள் வந்தன. வெள்ளையர்கள் ஏறிப் போனார்கள். இவர்களை ஏற்ற விடவில்லை பருத்திப் பண்ணைக்காரர்கள். ஏன்? போனால் திரும்பி வர மாட்டான், பண்ணைக்கு ஆள் கிடைக்காது! துப்பாக்கிக் காவல் போட்டு, அடையாளச் சீட்டு மாட்டி, மூட்டை தூக்க வைத்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பணக்காரர்களைக் காப்பாற்ற, கீழே ஒரு கரையை வெடி வைத்து உடைத்து ஏழை ஜனத்தின் நிலத்தை மூழ்கடித்தார்கள். அந்த ஜனத்தில் வெள்ளையர்களும் இருந்தார்கள். முழு நஷ்டஈடு தருவதாகச் சொன்ன வாக்கு காற்றோடு போனது. நிவாரணத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் மறு வருஷமே தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆனார்.

ஆனால் அங்கேயும் விவசாயி சும்மா இருக்கவில்லை. பயிர்க் கடனிலும் நிவாரணத்திலும் நிறம் பார்த்து ஒதுக்கினார்கள் என்று கறுப்பின விவசாயிகள் 1997இல் விவசாயத் துறை மேலேயே வழக்குப் போட்டார்கள். 1999இல் அரசு இறங்கி வந்தது. விட்டுப்போனவர்களுக்காக 2010இல் மறுபடி 125 கோடி டாலர் ஒதுக்க வைத்தார்கள்.

இங்கே நிறத்துக்குப் பதில் சாதி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் தலித் மக்களை நிவாரணத்தில் ஒதுக்கியதை மனித உரிமை அமைப்புகள் எழுதி வைத்திருக்கின்றன. பட்டா இருந்தால்தான் பயிர் நஷ்டம் என்றால், குத்தகைக்கு உழுதவனுக்கு என்ன? வயலே மூழ்கி வேலை போன கூலிக்காரனை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆகவே நாம் கேட்பது இதுதான்:

சேதக் கணக்கெடுப்புப் பட்டியலை ஊருக்கு முன்னால் வாசிக்க வேண்டும். காலனியும் ஊரும் ஒரே பட்டியலில் வர வேண்டும். குத்தகைதாரர் பேர் அடங்கலில் ஏற வேண்டும். கூலித் தொழிலாளிக்கு வேலை இழப்பு நிவாரணம் வேண்டும். வாய்க்காலும் கரையும் மழைக்கு முன்னால் தூர் வாரி, செலவுக் கணக்கை கிராம சபையில் வைக்க வேண்டும்.

ஒன்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். நிவாரண லாரி வரும்போது, "முதல்ல எங்க தெருவுக்கு" என்று நாம் பிரிந்து நின்றால், மேலே இருப்பவனுக்கு வேலை மிச்சம். கிரீன்வில் கரையில் நடந்ததை நம் ஊர்க் கரையில் நாமே நடத்தக் கூடாது. எல்லாத் தெருவும் ஒரே வரிசையில் நின்று தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போவோம், வாருங்கள்!