காத்திருக்கும் கொண்டை ஊசிகள்

ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளை இது. ஆகவே ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து கண்ட ஒரு வேதியியலைப் பேச வந்திருக்கிறேன்.

திசுவை அரைத்து அதிலுள்ள தூது ஆர்.என்.ஏ.வை அளப்பது பழைய வழக்கம். ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாம்பாரையும் ஓர் அண்டாவில் கொட்டிச் சுவைபார்ப்பது போன்றது அது. எந்த வீட்டில் உப்பு குறைந்தது என்று தெரியாது. செல்லைத் தனித்தனியாகப் பார்க்கவோ, மூலக்கூறுகள் மிகச் சில. அவற்றில் ஒட்டிய சாயத்தின் மங்கலான ஒளி செல்லின் தன்னொளியில் மூழ்கிவிடும். பி.சி.ஆர். முறையில் பெருக்கினால் பிரதிகள் இடம்விட்டு மிதந்துபோகும், முகவரி தொலைந்துவிடும்.

2004இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர் ராபர்ட் டிர்க்ஸும் அவருடைய வழிகாட்டி நைல்ஸ் பியர்ஸும் ஒரு வழி கண்டார்கள். இரண்டு வகை டி.என்.ஏ. இழைகள். ஒவ்வொன்றும் தன்மேலேயே மடங்கிக் கொண்டை ஊசியாக நிற்கும்: தண்டில் 18 இணைகள், உச்சியில் 6 எழுத்து வளையம், அடியில் 6 எழுத்து வால். இரண்டையும் ஒரே குப்பியில் கலந்தாலும் சேராமல் கிடக்கும். சேர வேண்டிய எழுத்துகள் வளையத்துக்குள் பூட்டியிருக்கின்றன. தொடக்க இழை வந்து முதல் ஊசியின் வாலைப் பற்றியதும் தண்டு பிரிகிறது. விடுபட்ட பாதி இரண்டாம் ஊசியைத் திறக்கிறது. அதிலிருந்து வெளிப்படுவது தொடக்க இழையின் அதே எழுத்துவரிசை! மறுபடியும் முதல் ஊசி திறக்கிறது. நொதி வேண்டாம், சூடேற்றிக் குளிர்விக்க வேண்டாம். தொடக்க இழையை, தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி ஒட்டும் இழையோடு பிணைத்துவிட்டால், சாயம் ஏந்திய சங்கிலி அங்கேயே வளரும், ஒளி இடம்பெயராது. 2010இல் பியர்ஸ் குழு ஸீப்ரா மீன் கருவொன்றில் ஐந்து வகைத் தூது ஆர்.என்.ஏ.வை ஒருசேரக் காட்டியது.

ஆனால் தேடும் இழை தவறான இடத்தில் ஒட்டினால் பொய்யும் இதே வேகத்தில் பெருகும். 2018இன் திருத்தத்தையே இந்த முறையின் முதிர்ச்சி என்பேன். தொடக்க இழையை இரண்டாகப் பிளந்து, பாதியை ஒரு தேடிழையிலும் மறுபாதியை இன்னொன்றிலும் வைத்தார்கள். இரண்டும் இலக்கின்மேல் அடுத்தடுத்து அமர்ந்தால்தான் ஊசி திறக்கும். ஒற்றைச் சாட்சி செல்லாது.

இந்தத் திருத்தத்தைக் காண டிர்க்ஸ் இல்லை. 2015இல் நியூயார்க் அருகே நடந்த ரயில் விபத்தில் இறந்துபோனார். இத்துறையின் இளம் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் ஒரு பரிசு வழங்கப்படுகிறது.

நான் சொன்ன கரு பதப்படுத்தப்பட்டது, உயிரற்றது. உயிரோடிருக்கும் செல்லுக்குள் டி.என்.ஏ. கருவியை அனுப்பியவர்களில் ஒருவர், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த யமுனா கிருஷ்ணன். 2009இல் பெங்களூரில் அவர் குழு செய்த விசை, அமிலத்தில் மடங்கும், காரத்தில் விரியும். மடங்கும்போது இரு சாயங்கள் நெருங்கி நிறம் மாறும். பழ ஈயின் செல் அதை விழுங்கியது. விழுங்கிய நுண்பை மெல்ல அமிலமாவதை அந்த நிறம் காட்டிக்கொண்டே இருந்தது.