ஆணையும் ஆறும்



ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊர். வெண்ணெய்க்கு மாடு வேண்டும். மாட்டுக்குப் புல்லும் நன்னீரும் வேண்டும். அவ்வட்டாரத்தில் நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்திற்கென ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கியது. அணையைத் திறக்கும்படி கேட்க வேண்டிய உழவர், திறவாதீர் என்று மன்றாடும் நிலை வந்தது.

நீர் மாசுத் தடுப்புச் சட்டமோ 1974 முதலே உண்டு. உழவர் தொடுத்த வழக்கில், கழிவுநீர் துளியும் வெளியேறலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதன்வழி நின்றது. ஆணை நிறைவேறவில்லை. ஆகவே 2011 சனவரி 28 அன்று, சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் பணித்தது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன.

கழிவை ஆற்றில் விட்டவர் பட்டறை உடைமையாளர். கூலி இழந்தவர் தொழிலாளர். உழவருக்குக் கிடைத்த நீதி, தொழிலாளருக்குத் தண்டனையாக வேண்டுமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான்; ஆயினும் அதனை 2006-இலேயே உடைமையாளரிடம் கேட்டிருக்க வேண்டும். நான்காண்டுக்கு மேற்பட்ட தவணை குறைவன்று.

பின்னர், கழிவுநீரைத் தூய்மைசெய்து மீளப் பயன்படுத்தும் ஏற்பாட்டுடன் பட்டறைகள் படிப்படியாக இயங்கலாயின. நீரை வடிகட்டிப் பருகும் மரபினர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.