தரையிறங்கும் விமானமும் பறவை மோதலும்: கருத்தரங்கத் தலைமை உரை

பயணிகள் விமானங்களில் பறவை மோதுவது பெரும்பாலும் விமான நிலையத்தை ஒட்டிய தாழ்வான வானில்தான். அமெரிக்க விமானத் துறையின் பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்ட மோதல்கள் இறங்கும் கட்டத்தைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 3 டிகிரிச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்பே சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பருந்து வட்டமிடும் உயரமும் அதுவே.

ஜெட் விமானம் தரை தொடும் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவு. அந்த வேகத்தில் 800 கிராம் பருந்து மோதினால், 100 கிலோ மூட்டை 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் உள்ளங்கையளவு இடத்தில் இறங்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

2008 நவம்பர் 10 அன்று ரோம் சாம்பினோ நிலையத்தில், தரை தொடும் தறுவாயில் இருந்த ரையன்ஏர் விமானம் மைனா இனப் பறவைக் கூட்டத்தில் புகுந்தது. விமானி மீண்டும் மேலெழ முயன்றார். இரு இயந்திரங்களும் உந்துவிசையை இழந்தன. விமானம் ஓடுபாதையில் பலமாக மோதி இறங்கியும் உயிரிழப்பு இல்லை. அடிபட்ட இயந்திரத்திடம் முழு விசை கேட்பதைவிட, இறக்கத்தைத் தொடர்வதே பல நேரங்களில் பாதுகாப்பானது என்பதற்கு இது வலுவான சான்று. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில், பறவை மோதலை அறிவித்து இறக்கத்தைக் கைவிட்ட ஜெஜு ஏர் விமானம், பின்னர் சக்கரமின்றி இறங்கிக் கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் மாண்டனர். இயந்திரங்களில் பைக்கால் கிளுவையின் இறகுகள் கிடைத்தன. 2025 அக்டோபரில் கொழும்பிலிருந்து சென்னை வந்த ஏர் இந்தியா விமானத்திலோ, பத்திரமாக இறங்கிய பிறகுதான் மோதலே தெரியவந்தது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் இந்திய விமான நிலையங்களை ஆராய்ந்தபோது, பிணந்தின்னிக் கழுகும் கள்ளப்பருந்தும் முதன்மையான இடர் எனக் கண்டது. கழுகுகள் அருகிவிட்டன; பருந்து பெருகி நிற்கிறது. ஆள்காட்டியின் சிக்கல் வேறு. ஓடுபாதை ஓரச் சரளைக் கற்களுக்கிடையே, கல்லோடு கல்லாகத் தெரியும் புள்ளி முட்டைகளை இடும் பறவை அது. பறவைகளை விரட்டும் வெடிச்சத்தம் கேட்டாலும் சிறிது தூரம் பறந்து அதே இடத்துக்குத் திரும்பிவிடும். புல்லை ஒட்ட வெட்டினால் ஆள்காட்டி வரும். வளரவிட்டால் எலியும், எலியைத் தேடிப் பருந்தும் வரும். மழைக்காலத்தில் புழுவும் ஈசலும் பெருகுவதால் மோதலும் கூடுகிறது.

சேலம் காமலாபுரம் நிலையத்தில் 2023 அக்டோபரில் பயணிகள் சேவை மீண்டும் தொடங்கியது. அங்கு இறங்கும் ஏடிஆர் விமானங்கள் புரொப்பல்லர் வகை. ஜெட்டைவிட மெதுவானவை என்றாலும் பறவை மோதலுக்கு விலக்கானவை அல்ல. நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்தவெளியில் கால்நடைகளை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி தடுக்கிறது. விதி இருக்கிறது, நடைமுறை தளர்ந்திருக்கிறது. நாம் கூடியிருக்கும் காவிரிக் கரை ஊரான ஜேடர்பாளையம் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் உள்ளது. ஆயினும் மீன் கழிவு விழும் இடத்தில் பருந்து கூடுவது இந்தக் காவிரிக் கரையில் அன்றாடக் காட்சி. நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் செத்த கோழியை ஓடையில் வீசினாலும் இதே விளைவுதான்.

ஆகவே இக்கருத்தரங்கு மூன்று தரப்பாரை நோக்கிப் பேச வேண்டும். பண்ணையாளர்கள் செத்த கோழிகளை மூடிய குழியிலேயே இட வேண்டும். காமலாபுரத்தைச் சூழ்ந்த ஊராட்சிகள் இறைச்சிக் கழிவை அன்றன்றே அகற்ற வேண்டும். ஓடுபாதையில் கிடைக்கும் ஒவ்வொரு இறகையும் நிலையப் பணியாளர்கள் தேதியிட்டுப் பறவையியலாரிடம் சேர்க்க வேண்டும். எந்தப் பறவை என்று தெரிந்தால்தான் எந்த இரையை அகற்றுவது என்று முடிவு செய்ய முடியும்.